தோலில் அடித்த ஏ பி சி டி

அன்று ஆம்பூர் பள்ளிக்கூடத்தின் அந்த அறையில் இருந்தவர்கள்: கணக்கு டீச்சர், மெட்ராஸிலிருந்து வந்த பெரியவர்கள் இரண்டு பேர், முப்பத்தைந்து பெண்பிள்ளைகள், கதவோரம் நான். துணி போர்த்திய கம்ப்யூட்டரும் ஓர் ஆள் போலத்தான் உட்கார்ந்திருந்தது.

எண்பதுகளின் கடைசி. கம்ப்யூட்டர் பாடத்தைச் சிறப்பாக நடத்துகிற ஆசிரியருக்கு ஒரு விருது. கிடைத்தால் பள்ளிக்கு இன்னொரு கம்ப்யூட்டர். அதற்காகத்தான் அந்த இருவரும் டீச்சரின் வகுப்பைப் பார்க்க வந்திருந்தார்கள். ஒரே மிஷினில் எத்தனை பேர் விரல் பழகுவது? கழிவுத் தோலில் அதன் பட்டன்களில் உள்ள எழுத்துகளை அச்சடித்துத் தர முடியுமா என்று டீச்சர் என்னிடம் கேட்டிருந்தார். நான் தோல் கம்பெனியில் தோலுக்கு நம்பர் அச்சு அடிக்கிறவன். அஞ்சாவதோடு படிப்பை விட்டவன். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை.

டீச்சர் எழுதிக் கொடுத்த தாளில் எழுத்துகள் தாறுமாறாக இருந்தன. அவசரத்தில் கலைத்து எழுதிவிட்டார், கேட்டால் சங்கடப்படுவாரோ என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் நானே ஏ, பி, சி, டி என்று ஒழுங்குபடுத்தி முப்பத்தைந்திலும் அடித்தேன். அன்று காலைதான் தோல்களைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தேன். பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் பிள்ளைகளே பங்கிட்டுக்கொண்டார்கள்.

டீச்சர் துணியை விலக்கினார். முன்வரிசைப் பெண் தோலைப் பார்த்தாள், மிஷினைப் பார்த்தாள்.

"டீச்சர், இதுல ஒழுங்கா கீது. மிஷின்லதான் கலைஞ்சி கீது."

வகுப்பே சிரித்தது. நான் கதவுப் பக்கம் இன்னும் ஒதுங்கினேன். டீச்சர் என் பக்கம் வந்து தாழ்ந்த குரலில், "இன்னாண்ணே இது?" என்றார்.

"நீங்க தப்பா எழுதிட்டீங்கன்னு நெனச்சேன் டீச்சர்."

டீச்சர் பிள்ளைகளிடம் திரும்பினார். "எல்லாரும் தோலைத் திருப்புங்க. மிஷினைப் பாக்காம, அதுல இருக்கிற வரிசைய மனசுல இருக்கிறபடி சாக்பீஸ்ல எழுதுங்க."

தோலின் உட்புறம் சொரசொரப்பு. சாக்பீஸ் நன்றாகப் பிடிக்கும். கம்ப்யூட்டரின் பச்சை வெளிச்சத்தில் மாவு போலத் தூள் மிதந்தது. தோலுக்குத் தோல் டீச்சர் தாளில் இருந்த அதே கலைந்த வரிசைதான். எழுதி முடித்தவர்கள் அதன்மேல் விரல் ஓட்டினார்கள். சத்தமே இல்லை. அத்தனை விரல்களும் தண்ணீருக்கடியில் நடப்பது போலிருந்தது. என் பயமும் எங்கோ தூரத்தில் வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது.

பெரியவர்களில் ஒருவர் குனிந்து பார்த்தார். "மிஷின்ல எவ்ளோ நேரம் ஒக்கார்றாங்க?"

"ஆளுக்கு வாரத்துக்கு ரெண்டு நிமிஷம் சார். அதுக்கு மேல முறை வராது."

அவர் அடுத்த தோலிடம் போய்க் குனிந்தார்.

இரண்டு மாதத்தில் விருது வந்தது. பின்னாலேயே இன்னொரு கம்ப்யூட்டரும் வந்தது. எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. தோலுக்கு இரண்டு ரூபாய் என்று பிள்ளைகளிடம் வசூலித்து என் கூலி எழுபதைக் கொடுத்திருந்தார்கள். கையிலிருந்த முப்பது ரூபாயோடு டீச்சரிடம் போய் நின்றேன்.

"அதான் விருது வந்துச்சே. இன்னும் இன்னாண்ணே பேஜார்?"

"தப்பான வேலைக்குக் கூலி வாணாம் டீச்சர். புள்ளைங்க காசு."

என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். "சரி, மீதிய மெதுவா குடுங்க."

சம்பளம் வருவதற்குள் அவருக்கு அரக்கோணத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. நாற்பது ரூபாய் இன்னும் பாக்கி.