காருக்கு வெட்டிய குழி

எனக்கு எழுபத்து நான்கு வயது முடிந்துவிட்டது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு என் வயிற்றில் பிறந்தவை, ஒன்று என் நாத்தனார் விட்டுப்போனது. அந்த ஒன்றுதான் இன்றைக்கும் மாதம் தவறாமல் வந்து என்னைப் பார்க்கிறது. சொன்னால் மற்ற நான்குக்கும் கோபம் வரும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். என் எழுத்து ரேஷன் கடைக் கையெழுத்து வரைக்கும்தான் போகும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி யாழினி எழுதுகிறாள். என் பேச்சை அவள் படிப்புத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள், மாற்றட்டும். ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று மளிகைக் கடையில் இவள் போனிலேயே பணம் கட்டினாள். கட்டி முடித்ததும் கண்ணாடியில் பளபளவென்று ஒரு கட்டம் வந்தது. "சுரண்டு அப்பத்தா" என்று என்னிடம் நீட்டினாள். விரலால் தேய்த்தேன். எங்கோ ஒரு செருப்புக் கடையில் விலை குறைக்கும் கூப்பனாம். எடுத்துக் கொடு, பத்திரமாக வைக்கிறேன் என்றேன். எடுக்க முடியாது, அது போனுக்குள்ளேயே இருக்கும், ஞாயிற்றுக்கிழமை தானாகப் போய்விடும் என்றாள். தேய்த்த விரலை முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

நான் சேர்த்த கூப்பன்கள் தானாகப் போனதில்லை. டீத்தூள் பாக்கெட்டுக்குள் கிடக்கும் கூப்பனை அரிசி டிரம்முக்கு மேலே ஒரு தகர டப்பாவில் போட்டுவைப்பேன். சோப்பு உறையைக் கிழியாமல் பிரித்து, தடவி, அடுக்கிவைப்பேன். உறை சேர்ந்தால் ஒரு கிண்ணம், கூப்பன் சேர்ந்தால் ஒரு டம்ளர். அப்படி வந்த டம்ளர் ஒன்று கொஞ்சம் சாய்ந்தே நிற்கும், விருந்தாளிக்கு அதில் மட்டும் ஊற்ற மாட்டேன். அந்த டீத்தூளில் நிறம் இறங்கும், ருசி இறங்காது. கூப்பன் உண்டு என்பதற்காக என் பிள்ளைகள் அந்த டீயைக் குடித்தே வளர்ந்தார்கள். மூத்தவள் கல்யாணமாகிப் போன வீட்டில் முதல் நாள் டீ குடித்துவிட்டு, டீ என்றால் இப்படி இருக்குமா என்று அழுதாளாம். இதை அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் நான் உயிராகச் சேர்த்தது ஆயில் டின் கூப்பன். புது எஞ்சின் ஆயில் டின்னின் மூடியைத் திருகினால் ஒரு வாசனை வரும், கடலை எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. இப்போதும் எந்தப் பட்டறையைத் தாண்டினாலும் எனக்கு எங்கள் வீட்டுக்காரர் நினைவுதான்.

அவர் ஒரு சுண்ணாம்புக்கல் லாரிக் காண்டிராக்டரிடம் டிரைவராக இருந்தவர். எங்களுக்குக் காணி நிலம் கிடையாது. அவர் அப்பாவும் என் அப்பாவும் அடுத்தவர் வயலில் குனிந்தே இருந்தவர்கள். இவர் ஸ்டியரிங் பிடித்ததால் நிமிர்ந்து உட்கார முடிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். காண்டிராக்டர் வீட்டில் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரமானாலும் கூப்பிட மாட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை, "டேய் டைவரு" என்பதுதான். பொறுத்துப் பொறுத்து, ஒரு நாள் என் தோட்டையும் இருந்த ஆடுகளையும் விற்று, பழைய டீசல் அம்பாசிடர் ஒன்றை வாங்கினோம். அரியலூர் ஸ்டாண்டில் போட்டார். தா.பழூர் பக்கத்துக் கல்யாணம், தஞ்சாவூர் ஆஸ்பத்திரி என்று சவாரி கிடைத்தது. ஏறுகிறவர்கள் "டிரைவர் அண்ணே, போலாங்களா" என்று கேட்பார்கள். அதைக் கேட்பதற்காகவே சில நாள் நானும் ஸ்டாண்டுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். பொய் சொல்வானேன்.

முதல் தடவை ஆயில் மாற்ற ஒரு பட்டறைக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். மெக்கானிக் டின்னைத் திறந்தான், மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த வட்ட அட்டையை நகத்தால் பெயர்த்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அது என்ன என்று கேட்டேன். "அது கூப்பன்க்கா. தொழில் பண்றவங்களுக்கு கம்பெனி குடுக்கிறது" என்றான். டின்னுக்குக் காசு கொடுத்தது நாங்கள். அவன் மேல் தப்பில்லை, யார் திறக்கிறார்களோ அவர்களுக்கு என்பதுதான் வழக்கம். அப்படியானால் நாமே திறப்போம் என்று வரும் வழியில் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அடுத்த தடவை வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, அவரே அடியில் படுத்து ஆயிலை இறக்கினார். நான் பழைய குழம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சட்டி அதற்குப் பிறகு குழம்பைப் பார்க்கவே இல்லை.

அப்படியே ஒவ்வொரு வேலையும் வீட்டுக்கு வந்தது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கிரீஸ் அடிப்பது, பெல்ட் மாற்றுவது. ஆலத்தியூர் ரோட்டில் ஒரு நடை போய்வந்தால் போதும், சிமெண்டுத் தூசி எல்லா இடுக்கிலும் ஏறிவிடும். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் அடியில் தூசியும் ஆயிலும் சேர்ந்து தோசை மாவு பதத்தில் கிடக்கும். டீசல் விட்டு அதைக் கழுவி, புது ஆயில் ஊற்றி மாட்டுவது என் வேலை. ஸ்டாண்டில் மற்ற வண்டிகள் கரும்புகை கக்கும், எங்கள் வண்டி கக்காது. கொஞ்சம் தலைக்கனம் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது.

கூப்பனுக்கு நான் குறிவைத்திருந்தது ஹைட்ராலிக் ஜாக்கி. பெரம்பலூரில் ஒரு உதிரிபாகக் கடையில் கொடுத்தார்கள். எங்களிடம் இருந்த திருகு ஜாக்கியின் மரை தேய்ந்து, ஒரு தடவை வண்டி சட்டென்று இறங்கிவிட்டது. அவர் கை பக்கத்தில்தான் இருந்தது. அன்றைக்கே அதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன். அதற்குள் எஃப்.சி. வந்துவிட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து நல்லது என்று எழுதினால்தான் ஓட்டலாம், இல்லாவிட்டால் வண்டி மரத்தடியிலேயே நிற்கும். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வேலை இருந்தது. பட்டறையில் கேட்ட கூலி எங்களால் ஆகாது. சாமான் வாங்கியதிலேயே கை காலி. வேலை அவருக்குத் தெரியும், வண்டியைத் தூக்கத்தான் ஜாக்கி வேண்டும். ஸ்டாண்டில் இரவல் கேட்டால், சவாரிக்குப் போகிறவன் ஜாக்கியை விட்டுவிட்டுப் போக மாட்டான்.

இதைக் கேள்விப்பட்டுக் காண்டிராக்டர் ஆள் அனுப்பினார். வண்டி நின்றுபோனால் கவலைப்பட வேண்டாம், பழைய வேலை அப்படியே இருக்கிறது, வந்துவிடச் சொல் என்று. வந்த ஆள் போன பிறகு இவர் சாப்பிடவில்லை. தட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்குக் கூப்பன் நிறைந்துவிட்டிருந்தது. நாளைக்குப் பெரம்பலூர் போவோம் என்றேன். இங்கேதான் என் புத்தியைச் சொல்ல வேண்டும். அட்டைகள் எல்லாம் ஆயில் ஊறி, கறுத்து, பிசுபிசுவென்று இருந்தன. கடைக்குப் போகிறோம், அழுக்காகக் கொடுத்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று, சலவைத்தூள் கரைத்து ஊறவைத்தேன். விரலால் தேய்த்து அலசி, முறத்தில் பரப்பி வெயிலில் காயவைத்து, அம்மிக்கு அடியில் வைத்து மடிப்பு நீக்கினேன். வெள்ளை வெளேரென்று வந்தன. அப்பளம் மாதிரி அடுக்கிக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அடுக்கை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறுவது தெரிந்தது.

"இதுல நெம்பர் இருக்கும்மா. நெம்பர் எங்க?"

"அழுக்கா இருந்துச்சுங்க. தொவச்சுட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. அதுவே பெரிய மரியாதை. நெம்பர் இல்லாத அட்டையைக் கம்பெனி எடுக்காது, திருத்தியது என்று சொல்லிவிடுவார்கள் என்று விளக்கினார். எங்கள் வீட்டுக்காரர் கடை வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அந்த முதுகைப் பார்த்துக் கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. மேசைக்குள்ளிருந்து ரப்பர் போட்ட அட்டைக் கட்டு ஒன்றை எடுத்தார். பட்டறைக்காரர்கள் சேரும் வரைக்கும் அவரிடம் கொடுத்துவைத்திருந்த கூப்பன்கள். "இதுலேருந்து உங்களுக்குப் போட்டுக்கிறேன். அவங்க எண்ணியா பாக்கப் போறாங்க. ஜாக்கிய எடுத்துட்டுப் போங்க" என்றார்.

இவர் திரும்பினார். கை நீளப்போவது எனக்குத் தெரிந்தது.

"வேணாங்க. அது எவனோ வண்டிக்கடியில படுத்து சேத்தது" என்று நான் எழுந்துவிட்டேன்.

ஊர் வரும் வரைக்கும் இவர் ஹாரன்கூட அடிக்கவில்லை, முன்னால் ஆடு வந்தபோதும் நின்றே போனார். வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்த பிறகுதான் வாய் திறந்தார்.

"நீ சொன்னது சரிதான் புள்ள. நாளைக்கு வண்டிய நீ தூக்குவியா?"

வண்டியைச் சுற்றி வந்தேன். பதினைந்து வயதிலிருந்து வயலில் வாய்க்கால் வெட்டியவள் நான். தண்ணீர் ஏறாத மேட்டில் என்ன செய்வோம்? தண்ணீரையா தூக்குவோம், மேட்டை வெட்டி இறக்குவோம். அதை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"தூக்க வேணாங்க. மண்ண எறக்கிடலாம்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கறிக்கடையில் கழித்துப்போட்ட புளியங்கட்டைகளைக் கேட்டு வாங்கிவந்தார். எங்கள் மண் கரிசல், ஈரமாக இருந்தால் கட்டை அப்படியே புதைந்துவிடும். நல்ல வேளை, கோடை. கட்டைக்குக் கீழே பலகைக் கல்லைப் போட்டு, வண்டியின் அடிச்சட்டத்துக்கு முட்டுக்கொடுத்து, ஆப்பு அடித்து இறுக்கினார். மறுநாள் காலை நான் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்தேன். சக்கரத்துக்கு அடியில் மண்ணை வெட்டி வெட்டி இழுக்க, ஸ்பிரிங் தளர்ந்து சக்கரமும் கூடவே இறங்கிற்று. அது இறங்க இறங்க நானும் வெட்டினேன். கடைசியில் சக்கரம் மண்ணைத் தொடாமல் தொங்கியது. விரலால் தள்ளினேன், சுற்றியது. வெளிப்பக்கம் அகலமாக வெட்டிக் கொடுத்தேன், சக்கரத்தை உருவிக்கொண்டார்.

தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு அத்தாச்சிக்கு என்னைச் சீண்டாமல் சோறு இறங்காது. இடுப்பில் குடத்தோடு நின்றாள்.

"என்னடி, காரு செத்துப்போச்சா? குழி வெட்டுற?"

"ஆமா அத்தாச்சி. பாடைக்கு நாலு ஆளு வேணும், ஒன் வூட்டுக்காரர வரச்சொல்லு" என்றேன்.

அவள் சிரித்தாள். குடத்தை இறக்கிவைத்துவிட்டு, வெட்டிய மண்ணைக் கூடையில் அள்ளிக் கொட்டத் தொடங்கினாள். ஒரு சக்கரம் முடிந்ததும் மண்ணைத் தள்ளி மிதித்துக் கெட்டித்துவிட்டு, அடுத்த சக்கரத்துக்குப் போனோம். என் கை காப்புக் காய்த்தது போதாதென்று கொப்பளித்தும் விட்டது. இவர் பிரேக் டிரம்மைத் துடைத்து, லைனிங் மாற்றி, பெடலை மிதிக்கச் சொல்வார். நான் ஏறி மிதிப்பேன். மண்வெட்டி பிடித்த கையோடு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது அப்போதுதான்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியில் தானே ஏறி, ஓட்டி, சட்டென்று மிதித்தார். வண்டி குத்திட்டு நேராக நின்றது. எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டாராம். வீட்டில்தான் சார் என்றாராம் இவர். ஹெட்லைட் ஒன்று மங்கல், மாற்றிவிடு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்று சாயங்காலம் இவர் நேராக வீட்டுக்கு வரவில்லை. காண்டிராக்டர் வீட்டு கேட்டுக்கு முன்னால் மெதுவாக ஒரு நடை ஓட்டிப் போய்விட்டுத்தான் வந்தார். எதற்கு அந்த வழி என்று கேட்டேன். ரோடு நல்லா இருக்கும் என்றார். அந்த ரோடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா.

அதற்குப் பிறகு அந்த வண்டி பல வருஷம் ஓடியது. அவர் ஒருவரிடமும் கைகட்டி நிற்கவில்லை.

இப்போது வேப்பமரம் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை போட்டாயிற்று, குழி வெட்ட மண் இல்லை. என் சின்ன மகன் கார் வைத்திருக்கிறான். பானெட்டைத் திற, ஆயில் பார்க்கிறேன் என்றால், நீ தொட்டா வாரண்டி போயிடும்மா என்கிறான். எல்லாவற்றையும் மூடிபோட்டு மூடியிருக்கிறார்கள். அத்தாச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்பாசிடரைக் கிலோக் கணக்கில் எடைபோட்டு எடுத்துப்போனார்கள், நான் வெளியே வந்து பார்க்கவில்லை.

அவரும் போய்விட்டார். அன்றைக்கு ஒட்ட அடித்த போஸ்டரைப் பசை தடவும் முன்னால் பிள்ளைகள் என்னிடம் படித்துக்காட்டினார்கள். பேருக்குக் கீழே 'ஓட்டுநர்' என்று போட்டிருந்தது. எல்லோரும் அழுதுகொண்டிருந்த நேரம் அது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒட்டாதே, திருப்பி அடித்துக்கொண்டு வா என்று அனுப்பினேன். 'கார் உரிமையாளர்' என்று வந்த பிறகுதான் ஒட்டவிட்டேன். பஸ் ஸ்டாப் சுவரில் அடுத்த மழை வரைக்கும் இருந்தது. பிறகு அதுவும் உரிந்துபோயிற்று.

யாழினி, எழுதினது போதும். அந்தப் போஸ்டர் வார்த்தையை ஒழுங்காகப் போட்டிருக்கிறாயா என்று பார்க்க வேண்டும். முதலிலிருந்து படி, கேட்கிறேன்.