விற்பனைக்கு நின்ற வண்டியும் என் சிவப்பு அம்புகளும்

எங்கள் வீட்டு வாசலில் நின்ற வண்டியை முன்னாலிருந்து பார்த்தால் அம்பாசிடர் கார். பின்னால் போய்ப் பார்த்தால் லோடு ஏற்றும் தொட்டி. தயாரிக்கும்போதே அப்படிச் செய்த பிக்கப், பிற்பாடு அறுத்து ஒட்டியது இல்லை என்று என் வீட்டுக்காரர் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவார். அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறைக்குக் குடமும் அண்டாவும் ஏற்றிக்கொண்டிருந்ததை வாங்கி, பனியன் கம்பெனிகளுக்கு வெட்டிய துணிக் கட்டுகளை ஏற்ற ஆரம்பித்தார். காலையில் என்னைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான் முதல் லோடு. இப்போது அவரிடம் புது வண்டி இருக்கிறது. பழையது தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சும்மா நின்றது.

எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. பதினெட்டு வருடம் அடுத்தவர் பனியன் கம்பெனியில், தைத்து வந்ததில் பழுது பார்க்கும் செக்கிங் மேஜை முன் நின்றாயிற்று. வாசலில் ஒரு தகரக் கொட்டகை செட் போட்டு, இரண்டு மேஜை, நான்கு பெண்கள் என்று சொந்தமாகச் செக்கிங் வேலை எடுத்துச் செய்ய ஆசை. அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அவர் சரி என்றுதான் சொன்னார், ஆனால் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. போனில் விளம்பரமும் அவரே போட்டார்: ‘அபூர்வமான வண்டி. நல்ல கண்டிஷன்.’ நல்ல கண்டிஷனா என்று நான் சிரித்துத் தொலைத்தேன். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

பழைய வண்டிகளைச் சேர்த்து வைக்கும் ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். விலை போனிலேயே பேசியாகிவிட்டது, வண்டியைப் பார்த்துப் பிடித்தால் சரி. அன்று காலை வீட்டுக்காரர் பேட்டரி வாங்கப் போயிருந்தார். நான் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு, பனியன் வேஸ்ட் துணியால் வண்டியைத் துடைத்தேன். துடைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

செக்கிங்கில் பாராட்டுவது எங்கள் வேலை இல்லை. ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்டது என்று எது கண்ணில் பட்டாலும் அதைக் காட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவோம். நாங்கள் ஒட்டாமல் விட்டதை வாங்குகிறவன் கண்டுபிடித்தால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். அந்தப் பயம் எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. துணிக்கடையில் புடவை எடுத்தாலும் கை தானாக ஸ்டிக்கரைத் தேடும். அன்றும் கைப்பையில் நான்கைந்து அட்டை ஸ்டிக்கர் இருந்தது. பம்பரில் துருவுக்கு ஒன்று ஒட்டினேன். பிறகு தொட்டியின் ஓட்டைகளுக்கு, கதவின் நெளிவுக்கு, விளக்குக் கண்ணாடியின் கீறலுக்கு. அம்புகள் அறுபதைத் தாண்டியபோதுதான் வீட்டுக்காரர் வந்தார்.

“என்ன அம்மிணி பண்ணி வெச்சிருக்கற? வண்டிக்கு அம்மை போட்டாப்பல இருக்குது.”

“இருக்கறதத்தானுங்க காட்டியிருக்கறேன். பின்னால கண்டுபுடிச்சாத் திருப்பி அனுப்பிருவாங்க.”

“இது என்ன பனியனா?”

எனக்குச் சுருக்கென்றது. என் செட்டுக்கு நானே வேட்டு வைத்துவிட்டேனே என்று நகத்தால் ஸ்டிக்கர்களைச் சுரண்ட ஆரம்பித்தேன். மூன்றுகூட உரிக்கவில்லை, அதற்குள் கோயம்புத்தூர்க்காரர் வந்து இறங்கிவிட்டார்.

அவர் அம்பு அம்பாகக் குனிந்து பார்த்து வண்டியைச் சுற்றினார். கீழே படுத்து டார்ச் அடித்தும் பார்த்தார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, “இதெல்லாம் யாருங்க ஒட்டுனது?” என்று கேட்டார். வீட்டுக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் கை காட்டினார்.

“இந்தப் பழுதெல்லாம் கண்டுபுடிக்கத்தானுங்க எங்க மெக்கானிக் ஒரு நாள் எடுத்துக்குவாரு. பேசுன வெலைக்கே எடுத்துக்கறனுங்க.”

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். அப்போது வந்தவர் இடது பக்கக் கதவருகே போய் நின்று சிரித்தார்.

“ஏனுங்கக்கா, மயிரிழைக் கீறலக்கூட விடல. இந்தப் பெரிய எடத்த விட்டுட்டீங்களே?”

ஜன்னல் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் சுத்தமாகப் போய், தகரம் வழவழவென்று தெரிந்தது. துடைக்கும்போது அதன்மேலும்தான் துணி போயிருக்கிறது. பழுது என்று என் கண்ணில் படவே இல்லை.

“அது பழுது இல்லீங்க,” என்றேன். “நான் கை வெச்சிட்டு உக்காந்து போன எடம்.”

நீட்டிய சாவி பாதியில் நின்றது. வீட்டுக்காரர் அந்த விளிம்பையே பார்த்தார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொன்னால் மறுக்க எனக்கும் மனசு வந்திருக்காது, அதுதான் உண்மை. செட் போனதென்றே முடிவு செய்துவிட்டேன்.

அவர் வந்தவரின் கையில் சாவியை வைத்து விரல்களை மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“செட்டுல உன்ற மேசைக்கு எடது பக்கமா ஒரு ஜன்னல் வெச்சரலாம் அம்மிணி. கை வெக்கற ஒசரத்துக்கு.”

மேஜை, விளக்கு, விசிறி என்று அந்தச் செட்டுக்கு நான் ஒரு வருடமாக யோசித்து வைத்திருந்தேன். ஜன்னலை யோசிக்கவில்லை. சரிங்க என்று தலையை ஆட்டினேன்.