காபரேட்டரும் சிவப்புக் கோடும்

எங்களிடம் இருந்த மோட்டார் சைக்கிளுக்கு என் மனைவியைவிட இரண்டு வயதுதான் குறைவு. கவனிப்பு மட்டும் அவளுக்குக் கிடைத்ததைவிடப் பத்து மடங்கு கூட. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்ததும், முற்றத்தில் சாக்கை விரித்து அதன் காபரேட்டரைக் கழற்றிவிடுவேன். சுவாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. காபரேட்டருக்குள் போன கிழமை எவ்வளவு ஊத்தை இருந்தது என்று கேட்டால் விரிவாகச் சொல்வேன்.

காபரேட்டர் என்பது பெற்றோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற உறுப்பு. கைக்குள் அடங்கிவிடும். அடியில் சின்னக் கிண்ணம், கிண்ணத்துக்குள் ஒரு மிதவை, நடுவில் ஊசித் துளையுள்ள இரண்டு பித்தளைத் துண்டுகள். அவற்றை ஜெட் என்பார்கள். எஞ்சின் நின்ற இடத்தில் முனகும்போது சின்ன ஜெட்டும், ஓட்டம் பிடிக்கும்போது பெரிய ஜெட்டும் பெற்றோல் கொடுக்கும். இந்த அறிவை வைத்துக்கொண்டு நான் மன்னார்ப் பட்டினத்தில் தலை நிமிர்ந்து நடந்தேன். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் என் வேலை, வருகிற கடிதங்களுக்கு இலக்கம் போடுவது. அங்கே யாரும் என்னிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதாக ஞாபகம் இல்லை. ஆகவே வீட்டில் ஒரு பொறியியலாளன் தேவைப்பட்டான்.

ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெருத்துவிடும். நான் வலை பின்னுகிற தங்கூசி நைலோன் நூலில் ஒரு துண்டு வெட்டி, அதால் குத்தி, வாயை வைத்து ஊதுவேன். பிறகு எல்லாவற்றையும் பூட்டி, காற்றுத் திருகாணியை முழுக்க இறுக்கி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்பேன். அப்போது முகத்தில் ஒரு பக்தி வருமாம். "கோயிலில இந்த முகத்தைக் காணேல்லையே" என்று மனைவி குசினி யன்னலால் சொல்வாள்.

இவ்வளவு செய்தும், திங்கட்கிழமை அது பாலத்தில் நிற்கும்.

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கிற அந்தப் பாலத்தைத் தாண்டாமல் இருக்கவும் முடியாது. நாட்டில் சண்டை முடிந்து, புதுப் பாலம் திறந்து, மனைவிக்குப் பாப்பாமோட்டையில் ஆசிரியை நியமனம் கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கும். மன்னாரிலிருந்து அந்தப் பக்கம் போகிற பேருந்தும் ஏழரைக்குத்தான் புறப்படும். இதை ஒழுங்கு செய்தவர் பள்ளிக்கூடத்துக்கே போகாதவராக இருக்கவேண்டும். அதனால் காலையில் நான்தான் அவளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, திரும்பிக் கச்சேரிக்கு வருவேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும்போல, வரவுப் புத்தகத்தில் ஏழரைக்குச் சிவப்புக் கோடு ஒன்று இழுக்கப்படும். நேரத்துக்கு வந்தவர்கள் கோட்டுக்கு மேலே கையெழுத்து வைப்பார்கள். பிந்தியவர்கள் கீழே. பள்ளிக்கூட அதிபர் நல்ல மனுசன். கோடு இழுக்கும்போது மட்டும் அவருக்கு யாரையும் தெரியாது. மனைவிக்கு அது தகுதிகாண் காலம். அந்தப் பள்ளித் தவணை முடிவில் வலயக் கல்விக் கந்தோருக்கு அறிக்கை போகவேண்டும். அது நல்லபடி போனால்தான் வேலை நிரந்தரம். என்னுடைய காபரேட்டர்க் கலையின் புண்ணியத்தில் அவளுடைய பெயர் கோட்டுக்குக் கீழே குடியிருக்கத் தொடங்கியிருந்தது.

நான் பெற்றோல் அடிக்கிற செட்டைக் குற்றம் சொன்னேன். பிறகு உப்புக் காற்றை. பிறகு சோளகக் காற்றை. பாலத்தில் சோளகம் எதிர்த்து அடிக்கும்போது எந்த எஞ்சினும் திணறத்தானே செய்யும்? பக்கத்தால் போன எந்த எஞ்சினும் திணறவில்லை என்பதை நான் கவனத்தில் எடுக்கவில்லை. நின்றதும் இறங்கி, திருப்புளிப் பிடியால் காபரேட்டரில் மூன்று தட்டுத் தட்டுவேன். பத்து நிமிடத்தில் அது தானாகவே உயிர் பெறும். தட்டியதால்தான் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொள்வேன்.

மனைவியின் தம்பி கரையில் படகுகளின் அவுட்போட் மோட்டர் திருத்துகிறவன். ஒரு ஞாயிறு வந்தவன், நான் பெற்றோல் வடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான். சண்டைக்காலப் பெற்றோல் தடையால் வன்னியில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய வருடங்களில் எங்கள் எல்லோருக்கும் வந்த பழக்கம் அது. தகரப் பரலின் அடியில் கிடக்கிற மண்ணெண்ணெய் சேறும் துருவுமாக வரும். சேலைத் துணியால் வடிக்காமல் விட்டால் அரை மைல்கூட ஓடாது. பெற்றோல் தண்ணீராய்க் கிடைக்கத் தொடங்கிய பிறகும் என் கை அதை நம்பவில்லை. கலனில் வாங்கி வந்து, மனைவியின் பழைய நீல நூல்சேலைத் துண்டால் வடித்துத்தான் தாங்கிக்குள் விடுவேன்.

"அத்தான், இப்பத்தைப் பெற்றோலை வடிக்கத் தேவையில்லை. துணிதான் பழசாப் போச்சு" என்றான்.

"நீர் போய் உம்மட படகைப் பாரும்" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு மனைவியும் அதையே சொன்னாள். ஒரு தடவை அல்ல. "சோக் போடுறது எந்தப் பக்கம் எண்டு தெரியாத ஆக்கள் காபரேட்டர் கதைக்கிறீங்கள்" என்று நான் நாலு வீட்டுக்குக் கேட்கச் சிரித்தேன்.

தவணை முடியப்போகிற கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் புத்தகப் பையைக் கதிரையில் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள். "அதிபர் கூப்பிட்டுச் சொன்னவர். இனி ஒரு நாள் பிந்தினாலும் அறிக்கையில எழுதத்தான் வேணுமாம். எழுதினால் ஒரு வரியம் தள்ளிப்போகும்."

"பிந்தாது. நான் பொறுப்பு" என்றேன்.

அந்த ஞாயிறு நான் காட்டிய பக்திக்கு எனக்குக் கோயில் கட்டியிருக்கவேண்டும். காபரேட்டரை இரண்டு தரம் கழற்றினேன். பெற்றோலைத் துணியை இரண்டாய் மடித்து வடித்தேன். கடைசியில் எஞ்சின் எவ்வளவு சீராக முனகியதென்றால், ஒழுங்கையால் போன கழுதைகூட நின்று கேட்டது. அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த ரசிகன்.

திங்கட்கிழமை பாலத்தின் நடுவில் நின்றது.

நான் இறங்கித் தட்டத் தொடங்கினேன். மனைவி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அப்போது விடத்தல்தீவுக்கு ஐஸ் ஏற்றிப்போகிற லொறி ஒன்று வேகத்தைக் குறைத்து எங்கள் பக்கத்தில் நின்றது. பாப்பாமோட்டை தாண்டித்தான் அது போகவேண்டும். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ரீச்சர், ஏறுறீங்களோ? இறக்கி விடுறன்."

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். நான் நிமிராமலே கையை வீசினேன்.

"வேண்டாம் அண்ணை, நீங்கள் போங்கோ. ரெண்டு நிமிசத்தில வெளிக்கிட்டிடும்."

லொறி போய்விட்டது. இரண்டு நிமிடம் பத்து நிமிடமாகியும் மோட்டார் சைக்கிள் வெளிக்கிடவில்லை. மடித்து வடித்த துணியல்லவா? அடுத்ததாக வந்த ஐஸ் லொறியை அவளே நடு வீதியில் இறங்கி, இரண்டு கையாலும் மறித்தாள். முன் சீட்டில் ஏற்கெனவே இருவர். பின்னால் ஐஸ் கட்டிகளுக்குப் பக்கத்தில் ஏறி, சேலை நனைய நின்றுகொண்டு போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பாலத்தின் ஓரக் கட்டின்மேல் குந்தியிருந்து, செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல், கிண்ணத்தைக் கழற்றினேன். பெரிய ஜெட்டின் வாயில் நீலமாக ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் இழுத்தேன். நூல். பின்னாலே இன்னொன்று. ஓட்டம் பிடிக்கையில் உறிஞ்சப்பட்டு வந்து துளையை அடைத்திருக்கிறது. மற்ற நாட்களில் நின்றதும் தானே விழுந்து, கிண்ணத்து ஊத்தையோடு கலந்துவிடும். ஊத்தை பெற்றோல் செட்டிலிருந்து வரவில்லை. கிழமைக்குக் கிழமை நானே துணியால் வடித்து ஊற்றியிருக்கிறேன். பாலத்தில் யாரும் இல்லை, ஆனாலும் எனக்கு முகம் சுட்டது. நூலை எடுத்துவிட்டு உதைத்தேன். முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்தது. அந்த நேரத்தில் அதைக் கடலுக்குள் தள்ளிவிடலாம் போலிருந்தது.

அவள் பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது ஏழு முப்பத்துநாலு. அதிபர் பேனையை நீட்டியிருக்கிறார். நனைந்த சேலையைப் பார்த்தும் கோட்டை அழிக்கவில்லை. அழிக்க அவருக்கு என்ன தலைவிதி?

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. நிரந்தர நியமனம் ஒரு வருடத்தால் ஒத்திவைக்கப்பட்டிருந்தது. அவள் வாசித்து, மடித்து, அலுமாரிக்குள் வைத்தாள். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த வீரன் அப்போதுதான் திறந்தேன்.

"அது பெற்றோல் இல்லை. நான் வடிச்ச துணியில இருந்த நூல்."

"தெரியும்" என்றாள். "தம்பி சொன்னவன். நானும் மூண்டு தரம் சொன்னனான்."

"என்னில கோவமோ?"

அவள் அலுமாரிக் கதவைச் சாத்தினாள்.

"நூலுக்கு எனக்குக் கோவமில்லை. அது ஆருக்கும் நடக்கும். அண்டைக்கு அந்த லொறிக்காரன் கேட்டது என்னை. நீங்கள் ஏன் மறுமொழி சொன்னனீங்கள்?"



அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் ஐஸ் லொறியில்தான் பள்ளிக்கூடம் போனாள். டிரைவர் முன் சீட்டை ஒதுக்கி வைத்தார். வடிப்பதை நான் விட்டுவிட்டேன். மோட்டார் சைக்கிள் அதற்குப் பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை. வீட்டிலிருந்து கச்சேரிக்கு ஐந்து நிமிட ஓட்டம். நான் மட்டும் போய் வந்தேன்.