கதவில் எழுதிய எடை

சரோல்தா ஓட்டும் பேருந்து யாருக்காகவும் நின்றதில்லை. காலை ஆறு பத்து என்றால் ஆறு பத்துதான். மூச்சிரைக்க ஓடிவருகிறவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்துவிடுவாள். "ஓடத் தெரிஞ்சவங்களுக்கு நேரத்துக்குக் கிளம்பத் தெரியாதா?" என்பாள். கல்யாணத்தை மூன்று வாரத்தில் முடிவு செய்தவள். விவாகரத்து அதைவிட வேகம். நாற்பத்தாறு வயதாகிறது, இன்னும் சூப்பை ஆறவிட்டுக் குடிக்கப் பழகவில்லை.

இப்படிப்பட்டவள் வில் செய்யக் கிளம்பியது ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். டிப்போவில் இரண்டு நடைக்கு நடுவே மூன்று மணி நேரம் சும்மா இருக்க வேண்டும், கை அரித்திருக்கும். எங்கள் ஹங்கேரிக் கிராமத்தில் வேலித் தூண் முழுக்க அகாட்ஸ் என்கிற கெட்டி மரம்தான். அதில் ஒரு தூணை எடுத்துச் செதுக்க ஆரம்பித்தாள், நன்றாகவே செதுக்கினாள். பொய் சொல்லக் கூடாது, அவள் கை சுத்தம்.

செதுக்கிய வில்லைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, உள்பக்கத்தைத் தணலில் காட்ட வேண்டும். காப்பி நிறம் வரும்வரை மணிக்கணக்காக வாட்டினால் மரம் உரமேறும். ஆனால் அதிலிருக்கும் ஈரமெல்லாம் போய்விடும். வில் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும் அந்த நேரத்தில் வளைத்தால் படார்தான். காற்றிலிருக்கும் ஈரத்தை அது தானாகக் குடித்துத் தேறும்வரை வாரக்கணக்கில் சும்மா விட வேண்டும். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்காது என்பது சரோல்தாவுக்கென்றே சொன்னது. போன வருஷம் வாட்டிய மூன்றாம் நாளே நாண் ஏற்றி, பெந்தெகொஸ்தே திருநாள் வில் போட்டிக்குக் கொண்டுவந்தாள். ஊரே பார்க்க, முதல் இழுப்பில் வில் இரண்டாக உடைந்து, ஒரு துண்டு பறந்துபோய் மதுக்கடை லோரின்ட்ஸின் பீர்க் குவளையைத் தட்டிவிட்டது.

அன்றிலிருந்து அவள் விறகு சரோல்தா. அவள் வண்டியிலேயே ஏறி, அவளிடமே சீட்டு வாங்கிக்கொண்டு, "பின்னாடி சீட்டுக்கடியில கட்டை ஏதாவது கிடக்குமா, வீட்டுல அடுப்பு எரியல" என்று கேட்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள், திட்டவும் மாட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இரண்டு நிமிடம் முன்னதாகவே வண்டியை எடுத்துவிடுவாள்.

இந்த வருஷம் மே மாதத் தொடக்கத்தில் புது வில்லோடு என்னிடம் வந்தாள். மேட்டில் வரிசையாக இருக்கும் ஒயின் நிலவறைகளில் நாலாவது என்னுடையது. உள்ளே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். திராட்சை பிழியும் முன்னறையில்தான் அளவான ஈரம். வில்லை அங்கே உத்திரத்தில் தொங்கவிட்டாள். சமையலறைத் தராசு ஒன்றையும் வைத்தாள்.

"வாட்டுறதுக்கு முன்னாடி அறுநூத்தி நாப்பது கிராம். இப்ப ஐநூத்தித் தொண்ணூத்தெட்டு. கொஞ்சம் கொஞ்சமா ஏறும். ஏறுறது நின்னு, மூணு நாள் ஒரே எடை காட்டினா ஆறிருச்சுன்னு அர்த்தம். தினம் நீங்களே எடை போடுங்க, அம்ப்ருஷ் அண்ணே."

"உனக்குக் கை இல்லையா?"

"இருக்கறதுதான் பிரச்சனை. கண்ணால பாத்தா நாண் போட்டுருவேன். வெளிக்கதவுல சாக்பீஸால எழுதிவைங்க, வண்டியில போறப்ப படிச்சுக்கறேன்." பிறகு கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஜெயிக்கணும்னு இல்ல. ஜனங்க முன்னாடி இன்னொரு தடவை அவசரக்குடுக்கையா நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அப்படித்தான் என் கதவு ஊருக்கே அறிவிப்புப் பலகையானது. 603. 609. 614. மேட்டைத் தாண்டும்போது பேருந்து வேகம் குறைவதைப் பார்த்து ஜன்னலோரத்து ஆட்களும் படிக்கத் தொடங்கினார்கள். மே இருபத்து நாலில் 624 எழுதினேன்.

மறுநாள் புனித ஊர்பான் திருநாள். திராட்சைக்காரர்களின் சாமி அவர். வெயில் அடித்தால் அவர் சிலை தலையில் ஒயின் ஊற்றுவோம், மழை பெய்தால் தண்ணீர்தான் அவருக்கு. அன்று தண்ணீர். எட்டுப் பேர் நனைந்துகொண்டு என் முன்னறைக்குள் புகுந்தார்கள். ஹங்கேரிக்காரன் எதையும் விட்டுக்கொடுப்பான், கம்பியில் குத்திய பன்றிக்கொழுப்பையும் வெங்காயத்தையும் விட்டுக்கொடுக்கமாட்டான். வெளியே வாட்ட முடியாததால் உள்ளே இருந்த பழைய கணப்பில் நெருப்பு மூட்டினேன். கொழுப்பு சொட்டச் சொட்ட ரொட்டியில் பிடித்துத் தின்றோம், ஒயின் குடித்தோம், மறுநாளும் மழை விடவில்லை, நெருப்பும் அணையவில்லை. வில் அந்தக் கணப்புக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. எட்டுப் பேரில் ஒருவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை, நானும்தான்.

மூன்றாம் நாள் எடை போட்டபோது 609.

எனக்கு வயது அறுபத்தெட்டு. பயந்தேன் என்று சொல்வதில் இப்போது வெட்கமில்லை. சாக்பீஸை எடுத்து 625 என்று எழுதினேன். அடுத்த நாள் 626. அதற்குப் பிறகு மூன்று நாளும் அதே 626. பேருந்து போகிறபோது சரோல்தா ஒலிப்பானை இரண்டு தடவை அடித்துவிட்டுப் போனாள்.

பெந்தெகொஸ்தே ஞாயிறு, பூசை முடிந்து நேராக வந்தாள். கையில் நாண்.

"மூணு நாளா ஒரே எடை. குடுங்க."

"அது பொய்."

"எது?"

"கதவுல இருக்கறது."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வில்லை இறக்கித் தராசில் வைத்தாள். 617. கன்னத்தில் அறை விழும் என்று நின்றேன்.

"எத்தனை பேரு?"

"என்னோட ஒம்பது."

"கொழுப்பு நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

நாணைச் சுருட்டிப் பையில் போட்டாள். நாணில்லாத வில்லைத் தோளில் சாய்த்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தாள். எனக்குப் பின்னால் போகத்தான் தோன்றியது.

போட்டியில் ஜெயிக்கிறவன் பெந்தெகொஸ்தே ராஜா. லோரின்ட்ஸின் கடையில் வருஷம் முழுக்க அவனுக்குக் குடி இலவசம். இரண்டு வருஷமாகக் கூரை வேய்கிற போதோக்தான் ராஜா. குடித்துக் குடித்து இப்போது ஏணிகூட ஏற முடிவதில்லை. சரோல்தா பெயரை லோரின்ட்ஸ் கூப்பிட்டதும் அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"குவளையெல்லாம் உள்ள எடுத்துவைங்கப்பா, விறகு வருது."

அவள் அம்பு எய்கிற கோட்டருகே போய் நின்றாள். "என் வில்லு இன்னும் ஆறல. இந்த வருஷம் எய்யப்போறதில்ல. அடுத்த வருஷம் வர்றேன்."

"ஒரே ஒரு அம்பு விடேன். உடைஞ்சா அடுப்புக்கு ஆச்சு."

"எனக்கு அவசரம் இல்ல, போதோக்."

சிரிப்பு வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அங்கே நின்ற எல்லோரும் அவள் பேருந்தைத் துரத்தி ஓடினவர்கள். "இவளா சொல்றா?" என்று பின்னால் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், கேலியாக இல்லை. லோரின்ட்ஸ் அவள் பெயரை அடிக்கப் பென்சிலை எடுத்தவன், அடிக்காமல், பக்கத்தில் 'அடுத்த வருஷம்' என்று எழுதினான். போதோக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சரோல்தா அந்தக் கோட்டில் நிமிர்ந்து நின்றாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் நெஞ்சு பொறுக்கவில்லை. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

"அவ மேல தப்பில்ல," என்று கத்தினேன். "நான்தான் ஊர்பான் அன்னிக்கு வில்லுக்குக் கீழ கொழுப்பு வாட்டினேன். கதவுல பொய் எடை எழுதினதும் நான்தான்."

மைதானமே வெடித்துச் சிரித்தது. "அம்ப்ருஷ் வில்லையும் சேத்து வறுத்துட்டான்டா!" "அதானே, இல்லேன்னா இவ நாண் போடாம இருப்பாளா?" போதோக் என் தோளில் தட்டி, ரொட்டி இருக்கிறதா, தொட்டுக்கொள்ள வில் இருக்கிறது என்றான். ஆளாளுக்குச் சரோல்தாவைப் பார்த்து "பாவம், பாவம்" என்றார்கள்.

கூட்டம் இலக்குப் பலகைப் பக்கம் நகர்ந்த பிறகு அவள் என்னிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"உங்களை யாருண்ணே கேட்டா?"

"உன்னை யாரும் தப்பா நினைக்கக் கூடாதுன்னுதான்..."

"யாரும் தப்பா நினைக்கல. நாப்பத்தாறு வருஷத்துல முதல் தடவையா நான் பொறுத்திருந்தேன், ஊரும் அதைப் பாத்துச்சு. இனிமே அது உங்க கொழுப்புக் கதை."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பேசாம இருங்க" என்றாள்.