கேட்டால் மறைக்காத அத்தை

அவள் பிள்ளைகளுக்கு மனசு வைத்தியம் பார்க்கிறவள் என்றால் சொந்தபந்தத்துக்கு விளங்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு, மணல் தட்டில் பிள்ளைகளோடு விளையாடிவிட்டுச் சம்பளம் வாங்குகிறாள், அவ்வளவுதான். அதனால் 'மணல் டாக்டர்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரரையும் மணல்ல உக்கார வையேன்டி, வாயாவது குறையும்" என்பாள் பெரியம்மா மகள்.

"அவருக்கு ஒரு லாரி மணல் வேணும்க்கா" என்பாள் இவள்.

தொழிலில் அவளுக்கு இரண்டு பிடிவாதம். பிள்ளையின் வாயைப் பிடுங்க மாட்டாள். தானாகப் பேசும்வரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். பிள்ளை ஒன்றைக் கேட்டுவிட்டால் மறைக்க மாட்டாள். இதற்கு ஒத்துவராத பெற்றோரை முதல் நாளே வாசலோடு அனுப்பிவிடுவாள்.

சித்தி மகன் வந்தபோதுதான் அந்தப் பிடிவாதம் வழுக்கியது. உடன்பிறந்த தம்பி இல்லாதவளுக்கு அவன்தான் தம்பி, இடுப்பில் தூக்கித் திரிந்தவன். ஆஸ்பத்திரிக்குப் போன அவன் பெண்சாதி உயிரோடு திரும்பவில்லை. அந்த நேரம் ஏழு வயது மகளை மாமன் வீட்டில் விட்டிருந்தார்கள். அம்மா வேலைக்கு வெளியூர் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தார்கள். அதிலிருந்து பிள்ளை வாயே திறக்கவில்லை.

"எப்படியாவது பேச வெச்சிடுக்கா. ஆனா அம்மா செத்தது உன் வாயால வரக்கூடாது."

"கேட்டா நான் மறைக்கிறதில்லடா."

"உன் சட்டமெல்லாம் ஊரான் பிள்ளைக்கு வெச்சுக்கோ. இது நம்ம வீட்டுப் பிள்ளை. நானே இன்னும் எழுந்திரிக்கலக்கா. அவளும் அழுதா நான் எங்க போவேன்?"

வேறு யாராவது கேட்டிருந்தால் வாசலைக் காட்டியிருப்பாள். அவன் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டாள்.

பிள்ளை வரும்போதெல்லாம் ஒரே விளையாட்டு. பாவாடை கட்டின பொம்மையை மணலில் படுக்க வைக்கும். மேலே மணலை அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்யும். இவள் பார்த்ததை மட்டும் சொல்வாள்: "நல்லா மூடிட்டே."

ஒருநாள் மூடி முடித்ததும், தலை நிமிராமல் கேட்டது. பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல், கரகரத்தது.

"அத்தை, அம்மா செத்துட்டாங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தாள். வந்தபோது தம்பிக்குத் தலையாட்டியதுதான் முன்னால் வந்து நின்றது.

"அதை அப்பாகிட்ட கேக்கலாமா கண்ணு? நானும் கூட இருக்கேன்."

பிள்ளை நிமிர்ந்து அவளையே பார்த்தது. பிறகு மணலைத் தோண்டிப் பொம்மையை எடுத்தது. தூசி தட்டி, விரலால் தலை கோதி, விளையாட்டுப் பஸ்ஸில் உட்கார வைத்தது.

"அம்மா வேலைக்குப் போயிருக்காங்க. வர நாளாகும்."

அழுகிற பாப்பாவைத் தேற்றுகிற தொனி. பிள்ளை தேற்றியது தன்னைத்தான் என்று இவளுக்கு உறைத்தது.

"அத்தை தப்பு பண்ணிட்டேன்டா. நீ கேட்டதுக்கு..."

"பரவாயில்ல அத்தை."

கூட்டிப்போக வந்த அப்பன் கதவருகே நின்றிருந்தான். "அப்பா, பசிக்குது" என்றது பிள்ளை. அவன் ஓடிவந்து வாரி எடுத்துக்கொண்டு தேம்பினான்.

"பேசிட்டாளே! நீ தெய்வம்க்கா!"

"அவளுக்குத் தெரியும்டா தம்பி. என்கிட்டயே கேட்டா. இனி நீ சொல்லித்தான் ஆகணும்."

"என்னம்மா கேட்டே?"

"அம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டேன்" என்றது பிள்ளை, அவன் கண்ணைத் துடைத்துவிட்டபடி.

அதற்குப் பிறகு அவன் மகளை அழைத்து வரவில்லை. அவள் போன் போட்டுக் கெஞ்சினாள். "நல்லா இருக்கிற பிள்ளையை ஏன்க்கா கிளறணும்?" என்று வைத்துவிட்டான். நாளடைவில் எடுப்பதே இல்லை.

பிள்ளையைப் பேச வைத்தவள் என்று சொந்தமெல்லாம் அவளைப் புகழ்கிறது. அந்த வீட்டுக்கு அவள் போனால் பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "நல்லா இருக்கீங்களா அத்தை?" என்று பெரிய மனுஷிபோல விசாரிக்கும். வேறு ஒன்றும் கேட்காது.