சித்தி கொண்டுவந்த ஏஞ்சல் மீன்கள்

பள்ளி விட்டு வந்ததும் மீன்தொட்டியின் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டால், காற்று மோட்டாரின் அதிர்வு மண்டைக்குள் மெல்ல இறங்கி, வேறெந்தச் சத்தமும் கேட்காமல் போகும். அம்மா இறந்த வருடம் முழுவதும், தூத்துக்குடியில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பத்து வயது. நான் அழவே இல்லை என்று உறவினர்கள் குறைபட்டார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, என்ன செய்வதென்று தெரியாமல், ஒருநாள் அந்தத் தொட்டியையும் ஆறு மீன்களையும் வாங்கிவந்தார். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்டவை. கடையில் டைகர் பார்ப் என்றார்கள், எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு 'புலிக்குட்டி'.

வாங்கிய அன்றே கடைக்கார அண்ணாச்சி என்னிடம், "ஏளா, இதுக கூட நீளச் செறகு மீன விட்ராத. கடிச்சே கொன்னுரும்" என்று சொல்லியிருந்தார். அப்பா அப்போது வெளியே ஆட்டோவில் தொட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

மறுவருடம் அப்பா நாசரேத்திலிருந்து ஓர் ஆசிரியையை மணந்துகொண்டார். 'சித்தி' என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிட்டேன். வந்த இரண்டாம் வாரம், என்னோடு பேச ஏதாவது வழி வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஊரிலிருந்து பிளாஸ்டிக் பைத் தண்ணீரில் இரண்டு வெள்ளை ஏஞ்சல் மீன்களை மடியில் ஏந்தியபடி பஸ்ஸில் கொண்டுவந்தார். "இதுகளையும் உன் மீனோட விடலாமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். கோபம் என்று சொல்ல முடியாது. கோபம் வந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாளே சிறகுகள் பிய்ந்து நூல்நூலாகத் தொங்கின. ஆறும் முறைவைத்ததுபோல் வந்து கொத்திவிட்டு விலகின. ஏஞ்சல்கள் மூலையில் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, போட்ட இரையைத் தொடவில்லை. சித்தி கற்களை இடம் மாற்றினார், தண்ணீர் மாற்றினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் காலையில் ஒன்று பக்கவாட்டில் மிதந்தது.

மற்றதை வாளியில் எடுத்துவிட்டு, மீன் கடைக்குப் போய் விசாரித்துத் திரும்பிய சித்தி, என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"கடைக்காரர் உன்ட்ட மொதல்லயே சொன்னாராமே. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"பெறகு ஏன் விடலாம்னு தலையாட்டுன?"

அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் இருந்தது. சித்தி எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "சரி, எந்தி. சோறு ஆறுது" என்றார்.

மாலையில் வேலை முடிந்து வந்து கேட்ட அப்பாவிடம், "தண்ணி ஒத்துக்கல போல" என்றார், என்னைப் பார்க்காமலே.

வாளியில் இருந்தது பிழைத்தது. சிறகு கோணல்மாணலாக வளர்ந்தது. யாரும் சொல்லாமலே அதற்கு நான் இரை போடத் தொடங்கினேன்.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். மீன் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. இறக்கும்வரை அப்பா, விருந்தாளிகள் யாராவது எங்கள் ஊர்த் தண்ணீரைக் குறைசொன்னால், "மீனுக்கே ஒத்துக்கல, நமக்கு எப்படி ஒத்துக்கும்" என்று சிரிப்பார். சித்தி மறுத்ததில்லை. சென்ற மாதம் அவரையும் நாசரேத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். நான் செய்ததை அறிந்திருந்த ஒரே ஆள் அவர்தான். ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. இனிக் கேட்க ஆளில்லை.