செலஸ்டின் உயர்த்திய ஜீப்

என் தங்கை புருஷன் செலஸ்டினுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கினால் போதும், எழுந்து வெளியே போய் ஜீப்பின் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். குருண் என்ற சிற்றூருக்கு உள்ளே தள்ளி இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவருக்கு ஜீப் ஓட்டும் வேலை கிடைத்ததே நல்லகாலம். பால்வெட்டுக்கு அனுப்பியிருந்தால் மரத்தோடு சண்டை போட்டிருப்பார்.

என் தங்கை ரூத்தைக் கட்டிய பிறகு அந்தப் பரபரப்பு இன்னும் கூடியது. அதற்குக் காரணம் இருந்தது. எழுபத்து நான்காம் ஆண்டு மழையில் ரூத்துக்கு வலி கண்டு ஜீப்பில் ஏற்றிப் போனோம். தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்குப் போவது செம்மண் பாதை. பால் லாரிகள் ஓடி ஓடி இரு பக்கமும் பள்ளம், நடுவில் நீளமாக ஒரு மண்மேடு. ஓடைக்குப் பக்கத்தில் ஜீப்பின் வயிறு அந்த மேட்டில் உட்கார்ந்துகொண்டது. சக்கரங்கள் சும்மா சுற்றின. டிராக்டர் வந்து இழுப்பதற்குள் பிள்ளை செத்துப் பிறந்தது.

ரூத் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் செலஸ்டின் திகாம் பத்து டவுனுக்கு ஓடினார். அங்கே பழைய இரும்புக் கடையில் ஒரு லாரியின் ஸ்பிரிங் பட்டைகளை வாங்கி வந்து, ஜீப்பின் பட்டைகளோடு சேர்த்து அடுக்கி இறுக்கினார். வண்டி ஒரு சாண் உயர்ந்தது. பால் பீப்பாய்களோடு அந்த மேட்டைத் தட்டாமல் கடந்தது. தோட்டத்தை நடத்திய துரையே முதுகில் தட்டிக்கொடுத்தார். செலஸ்டினுக்குத் தலைகால் புரியவில்லை.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் இஞ்ஞாசிமுத்து மட்டும் ஒருநாள் காலி வண்டியின் பின்னால் உட்கார்ந்து போய்விட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"வண்டி மேட்டத் தாண்டுது செலஸ்டின். உள்ள இருக்கிறவன் கூரையத் தாண்டுறான்லா!"

"நீங்க ஒல்லியா இருக்கீங்க அண்ணே, அதான்" என்று இவர் சிரித்து மழுப்பிவிட்டார். எப்போதும் பாரத்தோடு ஓட்டுகிறவருக்கு, ஸ்டியரிங்கைப் பிடித்து முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு, பின்னால் விழுகிற அடி எங்கே தெரியப் போகிறது?

எட்டாம் மாதத்தில் ஒரு காலை ரூத்துக்கு இரத்தம் பட்டது. டிரெசர் ஓடி வந்து பார்த்தார்.

"சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டு போகணும். ஆனா குலுங்கக் கூடாது. குலுங்குனா ரெண்டு உயிரும் கையில இல்ல."

அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று எல்லோரும் சேர்ந்து ஜீப்பைக் காலி செய்தோம். பீப்பாயை இறக்கினோம், பெஞ்சுப் பலகையைக் கழற்றினோம், மாற்று டயரையும் வெளியே தள்ளினோம். இலவம்பஞ்சு மெத்தையை விரித்து அவளைப் படுக்க வைத்து, காற்று வரட்டும் என்று மற்றவர்களை விரட்டிவிட்டோம். தலைமாட்டில் நான் மட்டும்.

லயத்து வீடுகளைத் தாண்டி முதல் பள்ளம் வந்தது. ரூத்தின் உடம்பு மெத்தையைவிட்டு எழும்பி விழுந்தது.

"அக்கா!" என்று அலறினாள்.

செலஸ்டின் வண்டியை நிறுத்திப் பின்னால் ஓடி வந்தார். மெத்தையில் புதிதாக இரத்தம். குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தார்.

"லாரிப் பட்டை அக்கா. பாரம் இல்லாம வளையாது. அடி அப்படியே மேல வருது. நாமளே எல்லாத்தையும் எறக்கிட்டோமே!"

பாதையோரத்தில் எங்கள் லயத்துப் பாப்பம்மாவின் பெண்கள் கும்பல் புல்வெட்டிக்கொண்டிருந்தது. இவர் அங்கே ஓடினார்.

"பாப்பம்மாக்கா, ஏறுங்க! எல்லாரும் ஜீப்புல ஏறுங்க!"

"என்னா தம்பி பேச்சு இது? புள்ளத்தாச்சிக்கு மூச்சு முட்டாதா?"

"முட்டாதுக்கா. கனம் வேணும். நீங்க ஏறலேன்னா எம்புள்ள பொழைக்காது!"

அவர்களை மேய்க்கும் மண்டோர் இருளப்பன், வேலையை விட்டுப் போனால் இன்றைக்குக் கணக்கில் பேர் விழாது என்று கத்தினான். "போய்யா அந்தாண்ட!" என்று அவனைத் தள்ளிவிட்டுப் பாப்பம்மா முதலில் ஏறினாள். சேற்றுக் கால்களோடு மற்றவர்களும் நெருக்கியடித்து ஏறி, ரூத்தை மெத்தையோடு மடியில் வாங்கிக்கொண்டார்கள். ஜீப் முனகிக்கொண்டு இறங்கியது. இப்போது பள்ளத்தில் விழுந்தாலும் ஊஞ்சல் அளவுக்குத்தான் ஆடியது. முன்னால் இவர் மாதாவைக் கூப்பிட, பின்னால் பாப்பம்மா மாரியாத்தாவைக் கூப்பிட்டாள்.

ஓடைக்குப் பக்கத்தில் அந்த மேடு. பால் பீப்பாய்களைவிட இந்தக் கனம் அதிகம், இப்படியே போனால் வயிறு தட்டும், கனத்தை இறக்கினால் ரூத் தாங்கமாட்டாள். செலஸ்டின் திரும்பிப் பார்த்தார். பாப்பம்மா தானே குதித்து இறங்கினாள். பெண்கள் மெத்தையின் ஓரங்களைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்தார்கள். காலி ஜீப் துள்ளித் துள்ளி மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றது. மறுபடி எல்லோரும் ஏறினோம்.

பெண் பிள்ளை. ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. அழுதது, அதுவே போதும். ஆஸ்பத்திரி வராந்தாவில் செலஸ்டின் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் ரூத் அவரிடம் கேட்டாள்: "ஜீப்பத் தூக்குனீங்க, சரி. ரோட்ட சரி பண்ணச் சொல்லி தொரைகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

மறுநாளே ஆபீசுக்குப் போனார். பாப்பம்மாவும் நானும் பின்னால் நின்றோம். வண்டிதான் இப்போது நன்றாக ஓடுகிறதே, ரோடு எதற்கு என்றார் துரை.

"ஓடுது தொரை. ஒரு தடவ பின்னால ஒக்காந்து வாங்க" என்றார் செலஸ்டின்.

துரை ஏறினார். காலி ஜீப். இவர் ஒரு பள்ளத்தைக்கூட விலக்கவில்லை. ஓடை வருவதற்குள் துரை தகரத்தைத் தட்டி நிறுத்தச் சொல்லி இறங்கினார். பளபளத்த சப்பாத்து சேற்றில் புதையப் புதைய, பங்களா வரைக்கும் நடந்தே திரும்பினார்.

அடுத்த மாதமே கல் லாரிகள் வந்தன. ரூத் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையோரம் நின்று, ஆட்கள் கல் கொட்டுவதைப் பார்த்தாள். செலஸ்டின் சந்தோஷமாக அவளிடம் ஓடி வந்தார்.

"பாத்தியா, கல்லு வந்திருச்சு!"

"பாத்தேன்" என்றாள் ரூத். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இந்தக் கல்லு எங்க இருந்துச்சுங்க?"